மேடையில் நோட்ஸ் மறந்துபோகிறது. ஓய்வு பெற்றுவிடட்டுமா, டாக்டர்?

கடிதம் எழுதியிருப்பவர் 51 வயதுப் பெண்மணி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கத்திய செவ்வியல் பியானோ கலைஞர். தனிக் கச்சேரிகளும், இசைக்குழுக்களோடு கான்செர்ட்டோக்களும் வாசித்து அதிலேயே வாழ்க்கை நடத்துகிறவர். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் பாஹ் எழுதிய ‘குரோமாட்டிக் ஃபான்டசியும் ஃபியூகும்’ வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரே கருப்பொருள் குரல் குரலாக மாறி மாறி நுழையும் அந்த ஃபியூகின் நடுவில் வழி தவறியிருக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்குத் தாவி முடித்திருக்கிறார். கைதட்டல் குறையவில்லை. பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. அப்புறம் நான்கு மாதங்களுக்கு முன் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவில் (டி. 960) இன்னொரு தடுமாற்றம். அன்றிலிருந்து தினமும் 4 மணி நேரமாக இருந்த பயிற்சியை 7 மணி நேரமாக்கிவிட்டார். இரவில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். நடு இரவில் வியர்த்து எழுகிறார், மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. பயண நாட்களில் தூங்குவதற்காக மருந்துக் கடையில் கிடைக்கும் அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அவருடைய அம்மாவுக்கு 78 வயதில் மறதி நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவர், “மேடை ஏறுவதற்கு முன்னால் ஒன்று போடு” என்று, படபடப்பை அடக்கும் ப்ரோப்ரனாலால் மாத்திரைப் பட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதை இன்னும் தொடவில்லை. சிறு வயதிலிருந்து ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கிறது.

அவருடைய கேள்விகள் மூன்று. இது அம்மாவுக்கு வந்த நோயின் தொடக்கமா? அந்த மாத்திரையைப் போடலாமா? அடுத்த பருவத்துக் கச்சேரிகளை எல்லாம் ரத்து செய்து, ஓய்வு பெறுவதாக மேலாளருக்கு எழுதி வைத்திருக்கும் கடிதத்தை அனுப்பிவிடட்டுமா? கூடவே ஒரு வரி: “நோட்ஸை (இசைத்தாள்களை) ஸ்டாண்டில் வைத்து வாசிப்பதை விட வாசிக்காமல் இருப்பதே மேல். மனப்பாடம் ஆகாதவனுக்கு அந்த இசை தெரியாது என்றுதான் என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்.”

அன்புள்ள வாசகிக்கு,

மறதி ஆரம்பித்துவிட்டதோ என்று பயப்படும் நீங்கள், ஒன்றரை ஆண்டுக்கு முன் நடந்த தடுமாற்றத்தை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். எந்தக் குரலில் கருப்பொருள் நுழைந்தது, இடது கையில் என்ன வந்திருக்க வேண்டும், அதற்குப் பதில் என்ன வந்தது, தாவியபோது எந்தச் சுரத்தில் போய் இறங்கினீர்கள் என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஷூபர்ட் விஷயமும் அப்படித்தான். முதல் பகுதியில் இரண்டாவது தீம் முதல்முறை எஃப் ஷார்ப் மைனரில் வருகிறது. ரீகாபிட்டுலேஷனில், அதாவது தொடக்கத்தில் கேட்டதெல்லாம் திரும்பி வரும் இடத்தில், அது பி மைனரில் வர வேண்டும். உங்கள் கை பழையபடி எஃப் ஷார்ப் மைனருக்கே போய்விட்டது. ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்திருக்கிறீர்கள். ஃபியூகில் நடந்ததும் அதேதான். பியானோக் கலைஞர்களுக்கு நேரும் தடுமாற்றங்களில் மிகப் பழையதும் மிகச் சாதாரணமானதும் இந்த ‘பிரியும் இடத்துத் தவறு’தான். இருபது வயதில் போட்டி மேடையில் ஏறுபவர்களுக்கும் இது நடக்கிறது.

மறதி நோயா?

கடிதத்தை மட்டும் வைத்து நோய் இல்லை என்று எந்த மருத்துவரும் முத்திரை குத்த முடியாது, நானும் குத்தவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அந்த நோயின் முகமாகத் தெரியவில்லை என்று சொல்ல முடியும். அல்சைமர் போன்ற நோய்கள் பெரும்பாலும் அன்றாடத்தில்தான் முதலில் எட்டிப் பார்க்கும். சொன்னதையே மறுபடி மறுபடி கேட்பது, நேற்று பேசிய பேச்சு நடந்ததே தெரியாமல் இருப்பது, பழகிய பாதையில் தடுமாறுவது, கணக்கு வழக்குகளில் குழம்புவது. பல சமயம் நோயாளியை விட வீட்டில் உள்ளவர்களே முதலில் கவனிப்பார்கள். உங்கள் விஷயம் நேர்மாறாக இருக்கிறது. வீட்டில் யாரும் எந்த மாற்றத்தையும் கவனிக்கவில்லை, பயணச் சீட்டு, விசா, ஒத்திகை நேரம் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள். மேடையில், அதுவும் பாட்டின் பிரியும் இடங்களில் மட்டும் தவறுகிறீர்கள். சொல்லப்போனால், ஆண்டுக் கணக்கில் பழகிய வாசிப்பு மறதி நோய் வந்தவர்களிடம்கூட மற்ற நினைவுகளை விட நீண்ட காலம் தங்குவது உண்டு. “முதலில் போவது இசைதான்” என்ற உங்கள் ஊகம் பொருந்தவில்லை.

அம்மாவைப் பற்றி. முதுமையில் வரும் மறதி நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. கட்டாயம் வரும் என்று பொருள் இல்லை. நாற்பது, ஐம்பது வயதிலேயே தலைமுறை தலைமுறையாகத் தாக்கும் பரம்பரை வகை வேறு. அது மிக அரிது. அம்மாவுக்கு 78 வயதில் தெரிய வந்தது அந்த வகைபோல் இல்லை.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் தனித்தனியாக எழுதியவற்றைச் சேர்த்துப் படித்தால் படம் கிடைக்கிறது. இரவு வியர்வை, ஒழுங்கற்ற மாதவிடாய், தூக்கக் குறைவு என்று மாதவிடாய் நிற்கும் பருவத்தின் அடையாளங்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பருவத்தில் பெண்கள் பலருக்குப் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவதும், கவனம் பிசகுவதும் உண்மையாகவே நடக்கிறது. பலருக்கு அந்தப் பருவம் தாண்டியதும் சரியாகியும் விடுகிறது. பகலில் விரல் பழகியதை மூளை இரவுத் தூக்கத்தில்தான் பதிய வைக்கிறது. நாலைந்து மணி நேரத் தூக்கத்தோடு 7 மணி நேரப் பயிற்சி செய்வது, எழுதுவதும் அழிப்பதும் ஒரே கையால் நடப்பதற்குச் சமம்.

அதற்கு மேல் அந்த அலர்ஜி மாத்திரை. தூக்கம் வர வைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. மறுநாள் மதியம் வரை தலையில் மந்தம் இருக்கலாம். கச்சேரிக்கு முந்தைய இரவில் போட்டுக்கொள்ள இதை விடப் பொருத்தமில்லாத மாத்திரையை யோசித்தாலும் எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் அதை நிறுத்துங்கள்.

பிறகு ஒரு மருத்துவரிடம் நேரில் போங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லுங்கள். கேள்திறனையும் பரிசோதியுங்கள். ஐம்பதைத் தாண்டும்போது மேல் ஸ்தாயி ஒலிகள் மெல்லக் குறைவது சகஜம். காது தரும் துப்பு குறைந்தால் கையும் வழி தவறும். மகளிர் நல மருத்துவரிடம் வியர்வைக்கும் தூக்கத்துக்கும் சிகிச்சை கேளுங்கள். ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர் உங்கள் உடல் வரலாற்றைப் பார்த்துச் சொல்வார். நினைவாற்றலைக் கூட்டுவதற்காக என்று அதை யாரும் தருவதில்லை, தூக்கம் திரும்பினால் நினைவு தானாகத் தேறும். இவ்வளவுக்குப் பிறகும் பயம் போகவில்லை என்றால், பத்து நிமிடக் கேள்வித்தாளோடு நிற்காமல் நரம்பு உளவியலாளரிடம் முழுமையான நினைவாற்றல் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். உங்களைப் போல வாழ்நாள் முழுவதும் மூளைக்கு வேலை கொடுத்தவர்கள் எளிய சோதனைகளில் சுலபமாக முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதில் தெரியாத குறை விரிவான சோதனையில்தான் தெரியும். இப்போது ஒன்றும் இல்லை என்று வந்தால்கூட, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

விரல் நினைவும் மற்ற நினைவுகளும்

நீங்கள் பயிற்சியை 7 மணி நேரமாக்கியது எனக்குப் புரிகிறது. பயம் வந்தால் உழைப்பைக் கூட்டுவதுதான் உங்கள் தொழிலின் பழக்கம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது எதிராகவே வேலை செய்யும்.

ஒரே பகுதியை நூறு முறை வாசித்தால் வலுப்பெறுவது விரல் நினைவு. அது ஒரு சுரம் அடுத்த சுரத்தை இழுத்து வரும் சங்கிலி. பதினாறாம் வாய்ப்பாட்டை நடுவில் கேட்டால், ‘ஓர் பதினாறு’ என்று மனசுக்குள் தொடக்கத்திலிருந்து ஓட்டித்தானே சொல்கிறோம், அப்படி. சங்கிலி அறாத வரை அற்புதமாக ஓடும். மேடையில் பதற்றம் வந்ததும், “அடுத்து என்ன?” என்று மனம் குறுக்கே கேட்கிறது. விரல் நினைவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. கேள்வி கேட்டதே சங்கிலியை அறுத்துவிடும். இருபது வயதில் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு முறை தவறிய பிறகு இப்போது கேட்காமல் இருக்க முடிவதில்லை.

இதற்கு மருந்து, கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த நினைவை வளர்ப்பது. உளவியலாளர் ராஜர் சாஃபின், கேப்ரியலா இம்ரே என்ற பியானோக் கலைஞரோடு சேர்ந்து, அவர் பாஹின் இத்தாலியக் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை மனப்பாடம் செய்த விதத்தைப் பயிற்சிப் பதிவுகளின் வழியாக நுணுக்கமாக ஆராய்ந்தார். அதில் தெரிந்தது: தேர்ந்த கலைஞர் பாட்டை ஒரே நூலாக மனதில் வைப்பதில்லை. பகுதிகள், பிரியும் இடங்கள், உணர்ச்சி மாறும் இடங்கள் என்று அடையாளக் கற்கள் நட்டு, எந்தக் கல்லிலிருந்தும் புறப்படப் பழகுகிறார். வெகுநாள் கழித்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தபோதும் பகுதிகளின் தொடக்கங்கள்தான் அவருக்கு நன்றாக நினைவிருந்தன.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். அந்த ஃபியூகில் கருப்பொருள் நுழையும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து வாசியுங்கள். ஷூபர்ட்டில் இரண்டு வழிகளும் பிரியும் அந்த ஒரு தாளக் கட்டத்தைத் தனியாக எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, எந்தச் சுரத்தில் பிரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இடது கையை மட்டும் மனப்பாடமாக வாசியுங்கள். கால்வாசி வேகத்தில் வாசியுங்கள், அந்த வேகத்தில் விரல் நினைவு கைவிட்டுவிடும், உண்மையில் என்ன தெரியும் என்பது அப்போதுதான் வெளிச்சமாகும். வெறும் மேசை முன் உட்கார்ந்து, பியானோ இல்லாமல் மனதிலேயே முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். இவை களைப்பூட்டும் பயிற்சிகள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பியானோ முன் 4 மணி நேரம் போதும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்கள் மணிக்கட்டு. திடீரென்று மூன்று மணி நேரத்தைக் கூட்டுவது தசைநாண் வீக்கத்துக்கு நேர் வழி. அது வந்தால் இப்போது இருக்கும் கவலை சின்னதாகிவிடும்.

கச்சேரி நடக்கும்போது தவறினால் ஒரே விதி: பின்னால் போகாதீர்கள், அடுத்த கல்லுக்குத் தாவுங்கள். ஃபியூகில் கடைசிப் பக்கத்துக்குத் தாவியதை ‘மானம் போன இடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று மாலை நீங்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான். திரும்பி வந்த இரண்டு முறைகள்தான் பிசகு.

இப்படியானவர்களுக்கு, தான் தயாரித்த கான்செர்ட்டோ ஒன்றாக இருக்க, இசைக்குழு மோசார்ட்டின் வேறொன்றைத் தொடங்கியதும் பியானோக் கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸ் முகம் வெளுத்து, பிறகு சமாளித்து வாசித்த காணொளியை யாராவது அனுப்பி வைப்பார்கள். ஆறுதலுக்காகத்தான் அனுப்புகிறார்கள். பார்க்காமல் விடுவதே நல்லது. பதற்றத்தில் இருப்பவருக்கு மற்றவரின் வீரக்கதை உதவி நான் பார்த்ததில்லை.

நண்பர் கொடுத்த மாத்திரை

போடக் கூடாது. இதில் இடைவழி இல்லை.

ப்ரோப்ரனாலால் மேடைப் பதற்றத்துக்கு உதவக்கூடிய மருந்துதான். இந்த வகை மருந்தை வயலின் போன்ற தந்தி வாத்தியக் கலைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977இலேயே லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கை நடுக்கம், இதயப் படபடப்பு இரண்டையும் அடக்கும். மேடை இசைக்கலைஞர்கள் பலர் மருத்துவர் மேற்பார்வையில் இதை எடுத்துக்கொள்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மருந்து இதயத்தில் செய்வதையே மூச்சுக்குழாயிலும் செய்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் கடுமையாகச் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் இன்ஹேலர் மருந்தும் வழக்கம்போல் வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தை மாத்திரை ஏற்கனவே அடைத்து வைத்திருக்கும். “பாதி மாத்திரை போட்டால்?” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாதியும் கூடாது. இதயத்தை மட்டும் குறிவைக்கும் வகை என்று வேறொன்றை யாராவது சிபாரிசு செய்தாலும், உங்கள் ஆஸ்துமா மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு ஆஸ்துமாவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த மாத்திரை உங்கள் சிக்கலுக்கு மருந்து இல்லை. உங்கள் கை நடுங்கவில்லை. எந்த வழி என்று தெரியாமல் நின்றிருக்கிறீர்கள், அதை மாத்திரை சொல்லித் தராது. பதற்றத்துக்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, மேடைக் கலைஞர்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. கூடவே, மாடிப்படி ஏறி இறங்கி இதயம் அடித்துக்கொள்ளும்போதே உட்கார்ந்து, முன்னால் ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு வாசித்துப் பழகுங்கள். அந்தப் படபடப்போடும் கை வேலை செய்யும் என்பதை உடம்பே தெரிந்துகொள்ளட்டும்.

நோட்ஸ் வைத்து வாசித்தால் என்ன?

உங்கள் ஆசிரியர் மேல் மரியாதை குறையாமல் சொல்கிறேன், அவர் சொன்னது இசையின் விதி இல்லை. ஒரு காலத்தின் வழக்கம். 1837இல் பியானோக் கலைஞர் கிளாரா வீக், பின்னாளில் கிளாரா ஷூமன், பெர்லினில் பீத்தோவனின் ‘அப்பாஸியோனாட்டா’ சொனாட்டாவை நோட்ஸ் இல்லாமல் வாசித்தபோது, இது என்ன செருக்கு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். எழுதியவரை மதிக்காமல், தானே இட்டுக்கட்டியதுபோல் வாசிப்பதாக அன்றைக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் பியானோ மேதை லிஸ்ட்டும் பழக்கிவிட்ட பிறகுதான் மனப்பாடம் கௌரவமானது, அப்புறம் கட்டாயமானது. கட்டாயம் என்றாலும், அறைக்கூட்டிசையில் (சேம்பர் மியூசிக்) நால்வரோடு உட்கார்ந்து வாசிக்கும்போது நோட்ஸ் வைத்துத்தான் வாசிக்கிறீர்கள். புதிதாக எழுதப்பட்ட படைப்புகளையும் அப்படித்தான். அங்கே யாரும் உங்களுக்கு இசை தெரியாது என்று சொல்வதில்லை.

பியானோ மேதை ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் 1980 வாக்கில் மனப்பாடத்தை விட்டுவிட்டார். அரங்கை இருட்டாக்கி, நோட்ஸ் மேல் மட்டும் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டியும் ஆண்டுக் கணக்கில் வாசித்தார். வயதாக ஆக அவர் காதில் சுரங்கள் உண்மையான இடத்திலிருந்து நகர்ந்து கேட்டன. விரல் ஒரு சுரத்தில், காதில் இன்னொரு சுரம் என்றால் மனப்பாடம் எப்படி நிற்கும்? மைரா ஹெஸ்ஸும் பிற்காலத்தில் நோட்ஸ் வைத்து வாசித்தவர். இவர்களுக்கு இசை தெரியாது என்று உங்கள் ஆசிரியரே சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் நோட்ஸை வைத்துக்கொள்வது, இரண்டையும் விட ஆபத்தானது. மனப்பாடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது பதறி நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியாது. நோட்ஸ் வைப்பதென்றால் சில வாரங்களுக்கு முன்பே முடிவு செய்து, கண் எப்போது மேலே போகும், எப்போது விசைக்கு வரும் என்பதையும் சேர்த்துப் பழக வேண்டும். கண்ணாடியைப் பாருங்கள். படிக்கும் கண்ணாடி கைக்கெட்டும் புத்தகத்துக்கானது. பியானோவின் ஸ்டாண்ட் அதை விடத் தள்ளி, ஏறக்குறைய 60 முதல் 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒன்றாகச் செய்த ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போட்டால், முகவாயைத் தூக்கிக்கொண்டே இருந்து கழுத்து வலி வரும். அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போய், அதற்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். டேப்லெட்டில் பக்கம் திருப்பும் பெடல் வைப்பதானால், இடது காலுக்கு ஏற்கனவே மென்மைப் பெடல் வேலை இருப்பதை மறக்க வேண்டாம். அருகில் உட்கார்ந்து பக்கம் திருப்புபவர் இன்னும் எளிய வழி.

எல்லாவற்றுக்கும் நோட்ஸ் வைக்க வேண்டியதும் இல்லை. என் யோசனை இது: ஃபியூகுகளும் நீண்ட சொனாட்டாக்களும் நோட்ஸோடு, முப்பது ஆண்டாக ஊறிய சிறு படைப்புகள் மனப்பாடமாக.

அந்த ஓய்வுக் கடிதம்

இப்போது அனுப்ப வேண்டாம். தூக்கம் கெட்டு, பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எழுதிய கடிதம் அது. பரிசோதனைகள் முடிந்து, இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்கிய பிறகு அதே கடிதத்தை எடுத்துப் படியுங்கள். அப்போதும் அதையே சொல்லத் தோன்றினால் அனுப்புங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஓய்வு என்பதும் முழுக்க வாசிப்பது அல்லது முழுக்க நிறுத்துவது என்ற இரண்டோடு முடிகிற விஷயம் இல்லை. பியானோக் கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் 1980களிலிருந்து தனிக் கச்சேரிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கான்செர்ட்டோக்களும் நண்பர்களோடு அறைக்கூட்டிசையும் என்று மாற்றிக்கொண்டார். அவர் மதிப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஹாரோவிட்ஸ் 1953இல் மேடையை விட்டு ஒதுங்கி, 12 ஆண்டு கழித்து 1965இல் நியூயார்க்கின் கார்னெகி அரங்குக்குத் திரும்பியபோது, தொடக்கத்திலேயே தவறான சுரங்களைத் தட்டினார். நிறுத்தவில்லை, தொடர்ந்தார். அந்தக் கச்சேரி இன்றைக்கும் பேசப்படுகிறது. ஆல்ஃபிரட் பிரெண்டல் வேறு மாதிரி: முன்கூட்டியே அறிவித்து, 77 வயதில், 2008 டிசம்பரில் வியன்னாவில் மோசார்ட் கான்செர்ட்டோ ஒன்றோடு முடித்துக்கொண்டார். பிறகு சொற்பொழிவு, எழுத்து, கற்பித்தல் என்று இயங்கினார். எனக்குப் பிடித்த விதம் அது. அவர் போகும் நாளை அவரே குறித்தார், பயம் குறிக்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். உங்கள் கச்சேரிகள் ஓராண்டு, ஈராண்டு முன்பே முடிவானவை. ரத்து செய்வதற்கும் நிகழ்ச்சி நிரலை மாற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஃபியூகுக்குப் பதில் வேறொன்றை வாசிக்கிறேன் என்றோ, அடுத்த நான்கு மாதம் தனிக் கச்சேரிகளைத் தள்ளி வையுங்கள் என்றோ கேட்பது மேலாளருக்கு வாரம் தவறாமல் வரும் வேண்டுகோள். முழுப் பருவத்தையும் ஒரே கடிதத்தில் ரத்து செய்தால், சம்பளம் போவது ஒரு பக்கம் இருக்க, ஒப்பந்தத்தில் வேறு பொறுப்புகளும் இருக்கலாம். அந்தப் பிரிவுகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். நோட்ஸ் இல்லாமல்தான் வாசிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இளைஞர்களுக்கான போட்டிகளில் அப்படி விதி உண்டு. சாதாரணக் கச்சேரி ஒப்பந்தத்தில் இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மேலாளரிடம் எவ்வளவு சொல்வது என்று தயங்கியிருக்கிறீர்கள். உங்கள் மருத்துவர் உங்கள் அனுமதியின்றி அவரிடம் எதுவும் சொல்லக் கூடாது. மருத்துவக் காரணத்தால் வேலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்ற சான்றிதழே பல இடங்களில் போதும், நோயின் பெயர் வேண்டியதில்லை. “தூக்கக் கோளாறுக்குச் சிகிச்சை எடுக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால் அது பொய்யும் இல்லை. ஆனால் ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லுங்கள். கணவரிடம்கூட மறைத்திருக்கிறீர்கள். தனியாகச் சுமக்கும் பயம்தான் மேடையில் “அடுத்து என்ன?” என்று கேட்கிறது.

கடைசியாக, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒத்திகை இருந்ததே நினைவில்லாமல் போனால், தெரிந்த ஊரில் வழி தவறினால், “இதை இப்போதுதானே சொன்னாய்” என்று வீட்டில் அடிக்கடி சொல்லத் தொடங்கினால், பேச்சில் பொருளின் பெயர்களுக்குப் பதில் ‘அது, இது’ பெருகினால், மூன்று மாதம் பொறுக்க வேண்டாம், அந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முதல் பரிசோதனைக்குப் போகும்போது இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளையும், அலர்ஜி மாத்திரை, இன்ஹேலர், சத்து மாத்திரைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முடிவுகள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதில் இன்னொன்றையும் எழுத வேண்டும். அம்மாவை இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள்தான் என்றால், உங்கள் தூக்கத்தைச் சரி செய்ய நான் சொன்னவற்றில் பாதிக்கு அதற்கு ஓர் ஏற்பாடு செய்த பிறகுதான் பலன் இருக்கும்.